ஜில்லா சேலம், தாலுகா நாமக்கல்: கப்பல் ஏடுகளில் கிடைக்கும் குடும்பங்கள்

எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரையும் குடியேற்ற அலுவலக எழுத்தர்கள் ஏறக்குறைய இந்தக் கட்டங்களுக்குள்தான் எழுதிவைத்தார்கள். முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதற்குப் பின் அங்கே போனவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஜில்லா என்ற கட்டத்தில் வடஆற்காடு, செங்கல்பட்டு, விசாகப்பட்டினம் என்ற பெயர்களோடு சேலமும் வருகிறது.

டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ ஐந்தாறு தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்துக்குச் சேலத்தோடு உள்ள எழுத்துப்பூர்வமான தொடர்பு பெரும்பாலும் அந்த ஒரு வரிதான். இங்கே, அவர்கள் விட்டுப்போன ஊரில், அந்த ஒரு வரிகூட இருக்காது. குடும்ப வரலாறு தேடி வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது.

இதற்கு நேர் எதிரான நிலை கியூபெக்கின் பிரெஞ்சுக் கனடியர்களுடையது. உலகில் வம்சாவளி தேடுகிறவர்களில் மிகவும் கொடுத்துவைத்தவர்களுள் அவர்களும் உண்டு. அவர்களில் பலரால் 17ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த முதல் மூதாதை வரை ஒரு தலைமுறைகூட விடாமல் பின்னோக்கிப் போக முடிகிறது. அந்த மூதாதை பிரபுவாக இருந்திருக்க வேண்டியதில்லை. தச்சனாக, படைவீரனாக, உழவனாக இருந்தால் போதும். 1634இல் வந்த சக்காரி க்ளூத்தியே ஒரு தச்சர். 1800க்கு முன் திருமணம் செய்துகொண்ட அவருடைய வழித்தோன்றல்கள் மட்டும் 10,850 பேர் என்று மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. 1663க்கும் 1673க்கும் இடையில் பிரெஞ்சு மன்னரின் செலவில் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்ட ஏழைப் பெண்கள் ஏறத்தாழ 800 பேர். அவர்களில் பெரும்பாலோர் யாரை மணந்தார்கள், எத்தனை பிள்ளை பெற்றார்கள் என்பதெல்லாம் கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே சிப்ரியான் தாங்கே என்ற பாதிரியார் இந்தக் குடும்பங்களை ஏழு தொகுதிகளில் தொகுத்துவிட்டார்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பங்குக் குரு ஏட்டில் எழுதியாக வேண்டும் என்பது திருச்சபையின் விதி. அந்த ஏட்டின் இரண்டாம் படி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பது பிரெஞ்சு அரசின் சட்டம். கோயில் எரிந்தாலும் நீதிமன்றப் படி மிஞ்சியது. அதைவிட முக்கியமானது, சொத்து இருக்கிறதா இல்லையா என்று அந்த ஏடு பார்க்கவில்லை. பிறந்தால் எழுதினார்கள், செத்தால் எழுதினார்கள்.

சேலம் சமவெளியில் எழுத்து வேறு வழியில் வந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதியும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணமெங்கும் பரவிய ரயத்துவாரி முறை உருவெடுத்தது இங்கேதான். யாருடைய நிலம், எத்தனை ஏக்கர், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்பதெல்லாம் ஏட்டில் ஏறியது. எழுத்து வரியின் பின்னாலேயே போனது. பட்டாதாரர் பெயர் உண்டு. அவருடைய காட்டில் ஏர் ஓட்டிய பண்ணையாள், கிணற்றில் கவலை இறைத்தவர், களையெடுத்த பெண் ஆகியோரின் பெயர்களுக்கு அந்த ஏட்டில் கட்டமே கிடையாது.

ஆட்சியாளர்கள் தங்கள் மனிதர்களை எழுதிவைத்த விதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் இருந்த ஐரோப்பியரின் திருமுழுக்கு, திருமணம், அடக்கப் பதிவுகள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்றும் அவை பிரிட்டிஷ் நூலகத்தில் வரிசையாக இருக்கின்றன. மாகாணத்தின் ஐரோப்பியக் கல்லறைகளில் பொறித்திருந்த வாசகங்களை ஜே.ஜே. காட்டன் என்ற அதிகாரி திரட்டி 1905இல் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார். சேலம் மாவட்டத்துக் கல்லறைகளும் அதில் உண்டு.

அதே மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பின்படி 19,66,995 பேர் இருந்தார்கள். 1881இல் 15,99,595 பேர். நடுவில் வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலேயே மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. மானாவாரிக் காடுகள் பொய்த்தன. தறிக்காரர்களின் துணியை வாங்க ஆளில்லை. கணக்கில் குறைந்த 3,67,400 பேரில் செத்தவர் எத்தனை, பரதேசம் போனவர் எத்தனை? மொத்தத் தொகையாகச் சில மதிப்பீடுகள் உண்டு. பெயர் பெயராகச் சொல்வதற்கு ஏடு இல்லை. கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினரின் பெயர் மட்டும்தான் மிஞ்சியது. சேலத்து ஏழை ஒருவர் தன் பெயரோடும் தகப்பன் பெயரோடும் ஊரோடும் சேர்த்து முதன்முறையாக எழுதப்பட்டது, பெரும்பாலும் அவர் ஊரைவிட்டுப் போன நாளில்தான். இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதையே: சேலம், நாமக்கல் சமவெளியின் ஏழைக் குடும்பங்களுடைய வரலாற்றின் மூல ஏடுகள் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. அவற்றை இந்த மாவட்டங்களின் வரலாறாக நாம் இன்னும் படிக்கத் தொடங்கவில்லை.

படிப்பது எளிதல்ல என்பதும் உண்மை. ‘சேலம்’ என்ற சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் சேலம் ஜில்லா ஓசூரில் தொடங்கி நாமக்கல் வரை நீண்டது. ஆக, 1880இல் ஒருவர் சேலம் என்று பதிந்திருந்தால் அவருடைய ஊர் இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், நாமக்கல், சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களில் எதிலும் இருக்கலாம். நாமக்கல் தாலுகா 1910இல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது. நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்ற 1911இல் இதே நாமக்கல்காரர் திருச்சி ஜில்லாவின் கீழ் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. திருப்பத்தூர் வடஆற்காட்டுக்குப் போனது. நாமக்கல் பிறகு சேலத்துக்குத் திரும்பியது. 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று, 2004இல் கிருஷ்ணகிரி. இந்த எல்லை மாற்றங்களைத் தெரிந்துகொள்ளாமல் தேடுகிறவர் தவறான ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

ஊர்ப் பெயர் அடுத்த சிக்கல். புதூர், புதுப்பாளையம், புதுப்பட்டி, ஆண்டிப்பட்டி என்ற பெயர்கள் தாலுகாவுக்குத் தாலுகா வரும். தமிழ் தெரியாத எழுத்தரோ, சேலத்துப் பேச்சு பழகாத சென்னை எழுத்தரோ, தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது இன்னும் குழப்பும். இதற்கு வழி ஒன்றுதான். எழுதியிருப்பதை உரக்க வாசித்து, அதே ஓசை தரும் ஊர்கள் அந்தத் தாலுகாவில் எவை என்று பழைய கிராமப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். சிலர் வேண்டுமென்றே ஊரை மாற்றிச் சொன்னார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கடனுக்குப் பயந்து ஓடியவர், வீட்டுக்குத் தெரியாமல் காதலித்தவரோடு போனவர், சாதிக்கு அஞ்சியவர் ஆகியோர் உண்மையான ஊரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பட்டப் பெயரை நம்பித் தேடுவது பெரிய பொறி. நேட்டாலில் கவுண்டன், கோவெண்டர், படையாச்சி, நாயக்கர், முதலி, பிள்ளை, செட்டி என்ற பெயர்கள் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. கவுண்டன் என்று கண்டதும் திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் கவுண்டர் பட்டம் கொங்கு வேளாளருக்கு மட்டும் உரியதல்ல. சேலத்திலும் வடஆற்காட்டிலும் வன்னியர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். வேட்டுவர்களுக்கும் அது உண்டு, கொல்லிமலை, சேர்வராயன் மலைகளின் மலையாளி மக்களுக்கும் உண்டு. பட்டத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. சாதியைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

உதவுவது தனிப்பெயர்தான். அர்த்தநாரி, செங்கோடன் என்ற பெயர்கள் திருச்செங்கோட்டு மலையைச் சுற்றியுள்ள நாட்டுக்கு உரியவை. மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரரும் செங்கோட்டு வேலவரும் பிள்ளைகளின் பெயராக இறங்கி வந்திருக்கிறார்கள். காவிரிக் கழிமுகத்தில் இந்தப் பெயர்கள் அரிது. நாமகிரி என்றால் நாமக்கல் கோட்டைக்குக் கீழே உள்ள தாயார் நினைவுக்கு வர வேண்டும். இதிலும் கவனம் தேவை. கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன் வீட்டுத் தெய்வமும் நாமகிரித் தாயார்தான். பெரியசாமி, பெரியண்ணன் என்ற பெயர்கள் கொல்லிமலை மாசி பெரியசாமியைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும், ஆனால் அவற்றை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. மாரி, முனியன், பழனி என்ற பெயர்களைக் கொண்டு ஒன்றும் சொல்வதற்கில்லை.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இன்னொரு துணை. தகப்பன் பெயர்க் கட்டத்தில் ஒரு பெயர் இருந்தால், அடுத்த தலைமுறையில் தோட்டத்தில் பிறந்த மூத்த பிள்ளைக்கு அதே பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். வந்திருந்தால் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்ற நம்பிக்கை கூடும். பெண்களுக்கும் தகப்பன் பெயர் எழுதப்பட்டது என்பது இந்த ஏடுகளின் பெரிய கொடை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. தனியாகப் பதிந்த பெண்ணுக்கும் ஊரும் தகப்பனும் எழுதப்பட்டதால் தாய்வழியிலும் தேட முடிகிறது. உள்ளூர் நில ஏடுகளில் இதை எதிர்பார்க்கவே முடியாது.

குடும்பப் பெயர் என்ற ஒன்று தமிழருக்கு இல்லாததால் வெளிநாட்டு அரசுகள் கையில் கிடைத்ததை அதுவாக ஆக்கிவிட்டன. பிரெஞ்சுத் தீவுகளில் இது தெளிவாகத் தெரிகிறது. ரீயூனியனில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைமுகங்களாயின. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் முதல் இந்தியர்களைக் கொண்டுபோனது. 1861இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் சேர்க்கப் பிரெஞ்சுக்காரர்களுக்கு வழி திறந்தது. சேலம் ஜில்லாவின் கிழக்கு எல்லையைத் தாண்டினால் தென்னாற்காடு, அதைத் தாண்டினால் புதுச்சேரி. மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேல், குவாதலூப்புக்கு 42,000 பேருக்கு மேல், ரீயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போனார்கள். 1880களில் பிரிட்டிஷ் அரசு இதை நிறுத்தியது.

அங்கே ராமசாமி, முத்துசாமி, வீரப்பிள்ளை என்று வந்து இறங்கியவர்களின் தனிப்பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ஞானஸ்நானம் பெற்று ழான், பியேர், மரி என்ற முன்பெயரும் சேர்ந்துகொண்டது. குவாதலூப்பின் அரசியல்வாதியும் எழுத்தாளருமான எர்னஸ்ட் மூட்டுசாமியின் பெயரில் நம்முடைய முத்துசாமி இருக்கிறார். பிரெஞ்சு ஆட்சி பிறப்பு, திருமணம், இறப்பை நகராட்சி ஏட்டில் பதிந்தது. அந்த ஏடுகளின் படிகள் தென்பிரான்சின் ஏக்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதியை இணையத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கியூபெக்கின் தச்சனை எழுதிவைத்த அதே இரட்டைப் படி மரபுதான், இரு நூற்றாண்டு கழித்துக் கரும்புத் தோட்டத்துத் தமிழரையும் எழுதியது.

அந்தத் தாள்களுக்கு அரசியல் உயிரும் இருந்தது. 1863இல் குவாதலூப்பில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். அந்தத் தீவிலேயே பிறந்த இந்தியர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர் தொடங்கிய போராட்டம் 1904இல் வழக்காயிற்று. இவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளின் பிள்ளைகள், பிரெஞ்சுக் குடிமக்கள் அல்ல என்று நிர்வாகம் எதிர்த்தது. வழக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் இழுத்தது. 1923இல்தான் உரிமை கிடைத்தது. தகப்பன் எங்கிருந்து வந்தான், பிள்ளை எங்கே பிறந்தது என்ற விவரம் ஒரு சமூகத்தின் குடியுரிமையையே தீர்மானித்த கதை அது.

சேலத்தார் கடல் தாண்டாமலே பிரெஞ்சு எழுத்து மரபு சேலத்துக்கும் வந்திருக்கிறது. இதைப் பலர் கவனித்ததில்லை. கியூபெக்கின் முதல் ஆயரான பிரான்சுவா த லாவால் 1663இல் அங்கே குருமடம் ஒன்றைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் அது பாரிஸ் வெளிநாட்டு மிஷன் குருமடத்தோடு இணைக்கப்பட்டது. கனடாவின் பங்கு ஏடுகளை எழுதிய குருமார் பலர் கியூபெக் குருமடத்தில் பயின்றவர்கள். அதே பாரிஸ் மிஷன் 1776இல் இயேசு சபையினரிடமிருந்து தமிழ்நாட்டுப் பணித்தளங்களை ஏற்றுக்கொண்டது. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயர் ஆன்றி ப்ரூனியே. அவரும் பாரிஸ் மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்தான். அதற்கும் வெகு முன்பே, 1623 வாக்கில், ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து கிளம்பி நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்திருக்கிறார். இப்பகுதியின் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஞானஸ்நான ஏட்டில் பெயர் உண்டு. ஞானப்பெற்றோர் பெயரும் உண்டு. 1827 முதல் சேலத்தில் பணிசெய்த லண்டன் மிஷனின் ஏடுகள் புராட்டஸ்டண்ட் குடும்பங்களுக்கு அதே வகையில் உதவும். சேலம், நாமக்கல் சமவெளியில் ஓர் ஏழைக் குடும்பத்தை உள்ளூர் எழுத்தைக் கொண்டே நெடுந்தொலைவு பின்தொடர முடிகிற இடம் இந்தத் திருச்சபை ஏடுகள்தான் என்று சொல்லலாம்.

இலங்கைக்குப் போனவர்களின் நிலை எல்லாரையும்விட மோசம். சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து மிகப் பெரிய கூட்டம் போனது அங்கேதான். ஒப்பந்தக் கப்பல் கிடையாது, ஆகவே கப்பல் ஏடும் கிடையாது. கங்காணி சொந்தத்திலும் ஊரிலும் ஆள் திரட்டி, நடத்தியே கடற்கரைக்குக் கொண்டுபோய், தோணியேற்றி, மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு மறுபடி நடத்தினார். வழியில் காலராவில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தோட்டத்து ஆள் கணக்கு ஏடான செக்ரோலில் பெயர் மட்டும் ஏறியது. அவர்கள் ஊரைக் காப்பாற்றியது நினைவில்தான். 1948இல் இலங்கை அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபின், 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. இந்தியக் கடவுச்சீட்டு கேட்டவர்கள் பூர்வீக ஊரைச் சொல்ல வேண்டியிருந்தது. பாட்டி சொல்லக் கேட்ட ஊர்ப் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் சொல்லி விண்ணப்பம் எழுதினார்கள்.

குலதெய்வம் இங்கே வெறும் பக்திச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. கொங்குப் பகுதியில் ஒரு கூட்டத்துக்கு (குலக்கிளைக்கு) உரிய காணிக்கோயில் எது என்பது முடிவான விஷயம். மற்றச் சாதிகளிலும் பங்காளிகள் கூடிக் கும்பிடும் கோயில் ஒன்று இருக்கும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குகிறார்கள். யார் யார் வரி கொடுத்தார்கள் என்று நோட்டில் எழுதுகிறார்கள். நிலம் இல்லாதவரும் தலைக்கட்டு வரி கொடுப்பார் என்பதால், பட்டா ஏட்டில் இல்லாத பெயர்கள் இந்த நோட்டில் இருக்கும். ஊரைவிட்டுப் போய்விட்ட பங்காளியின் பெயரைப் பழைய பக்கங்களில் காண வாய்ப்புண்டு. கோயில் பூசாரி வீட்டிலோ தர்மகர்த்தா வீட்டிலோ கிடக்கும் இந்த நோட்டுகளை எந்தக் காப்பகமும் திரட்டவில்லை. கரையான் அரிக்கும் முன் கைபேசியில் படமெடுத்து வைப்பதற்கு ஒரு நாள் போதும்.

1980இல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது ஊர்க் கணக்குகள் முறையாகக் கைமாறியிருக்க வேண்டும். சில கட்டுகள் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன என்ற பேச்சைக் கிராமங்களில் கேட்கலாம். 1899ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தின் கீழ் எழுதிய பிறப்பு, இறப்புக் கணக்குகள் இருந்தால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போனவர்களைப் பிடிக்கலாம்.

தேடி வருகிறவர்களின் எண்ணிக்கை கூடத்தான் போகிறது. வெளிநாட்டு இந்தியர்களுக்காக ‘பூர்வீகம் அறிதல்’ திட்டத்தை மத்திய அரசு 2008இல் கொண்டுவந்தது. 2024இல் மொரீசியஸ் நாட்டு இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை என்ற அறிவிப்பு வந்தது. ஆதாரமாக மொரீசியஸ்காரர்கள் கொண்டுவருவது மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்றப் பதிவுகளை. 1860களிலிருந்து எடுத்த புகைப்படங்களும் அங்கே உண்டு. பாட்டனுக்குப் பாட்டனின் முகத்தைப் பார்க்க முடிகிற சேலத்துக் கூலிக் குடும்பம் மொரீசியஸில் இருக்க முடியும். இதே சேலத்தில் இருக்க முடியாது.

இந்தப் பக்கத்தில் இன்னும் யாரும் முழுதாகச் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. தாது வருடத்தை ஒட்டிச் சேலம் ஜில்லாவில் நில மறுதீர்வை நடந்தது. அந்தச் செட்டில்மென்ட் ஏடுகளில் பட்டாதாரர் பெயர் கிராமவாரியாக உண்டு. பஞ்சத்துக்குப் பிறகு கப்பலேறியவர்கள் எல்லாரும் நிலமற்றவர்கள் அல்ல. இரண்டு ஏக்கர் மானாவாரியை அண்ணனிடம் விட்டுவிட்டுப் போன தம்பிகளும் இருந்திருப்பார்கள். நேட்டால் ஏட்டில் சேலம் என்று பதிந்த வரிகளைத் தனியே பிரித்து, தாலுகா, ஊர், தகப்பன் பெயர் என்று அடுக்கி, அதே ஊரின் செட்டில்மென்ட் ஏட்டோடு சேர்த்துப் படித்தால் சில இடங்களிலாவது அண்ணனும் தம்பியும் பொருந்துவார்கள். நேட்டால் ஏடுகளைக் கணினியில் தேடும் வசதி வந்துவிட்டது. செட்டில்மென்ட் ஏடுகளுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். சேலத்திலோ நாமக்கல்லிலோ உள்ள ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறை, ஒரே ஒரு தாலுகாவை எடுத்துக்கொண்டு இதைத் தொடங்கலாம்.